15 வருடம் முடியும் காருக்கு ஆர்.சி. புதுப்பிப்பு: புகை டெஸ்ட்டில் சி.ஓ. கூடினால் முதலில் எங்கே பார்ப்பது?

கேள்வியின் சுருக்கம்: 2011-இல் மதுரையில் பதிவான பெட்ரோல் கார், பி.எஸ்-3 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் மூன்றாம் கட்டம்). ஆர்.சி. (பதிவுச் சான்று) அப்பா பெயரில் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். இன்னும் நான்கு மாதத்தில் 15 வருடம் முடிகிறது. புகை டெஸ்ட்டில் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 1.42 சதவீதம், ஹெச்.சி. (ஹைட்ரோகார்பன்) 310 பி.பி.எம். வந்து ஃபெயில் ஆகிவிட்டது. மெக்கானிக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா, எதிலிருந்து தொடங்குவது?

கன்வர்ட்டரை இப்போது வாங்காதீர்கள். அந்த இரண்டு எண்களே வண்டியில் கோளாறு எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டன. இன்னொன்று, உங்கள் வழக்கில் அவசரம் எஞ்சினுக்கு இல்லை, காகிதத்துக்குத்தான். அதனால் அதை முதலில் முடித்துவிடலாம்.

சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதன்பின் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் 15 வருட பெட்ரோல் வண்டி, 10 வருட டீசல் வண்டிகளுக்கு வந்த தடையைப் பார்த்துவிட்டு இங்கேயும் வண்டியை ஓட்ட முடியாது என்று விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தடை தமிழ்நாட்டில் இல்லை. வண்டி நன்றாக இருந்து, ஆய்வில் தேறினால் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

விண்ணப்பம் படிவம் 25. ஆர்.சி. முடியும் தேதிக்கு 60 நாள் இருக்கும்போதுதான் கொடுக்க முடியும், அதற்கு முன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த விண்ணப்பத்தைத் தடுத்து நிறுத்தும் விஷயங்கள் எல்லாமே அதற்கு முன்பே சரிசெய்ய வேண்டியவை. உங்களுக்கு அதில் பெரியது பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம், ஒரிஜினல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ் ஆகியவை வேண்டும். வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்திலிருந்து கைக்கு வருவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். நான்கு மாதம் நிறைய இருப்பதுபோலத் தெரியும், இந்த ஒரு காகிதமே அதில் பாதியைத் தின்றுவிடக்கூடும். ஆகவே இன்றைக்கே அதற்கு எழுதிப் போடுங்கள். பெயர் மாற்றத்துக்கு எப்படியும் நடப்பில் உள்ள புகைச் சான்றும் கேட்பார்கள், அதனால் எஞ்சின் வேலையும் கூடவே நடக்கட்டும்.

அடுத்தது பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் வண்டியின் பதிவைத் திறந்து பாருங்கள். வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் போட்டால் உள்ளே போகலாம். பலர் நிற்பது இந்த வாசலிலேயே. ஓ.டி.பி. போவது அப்பாவின் பழைய செல் எண்ணுக்கு, அந்த சிம் எப்போதோ செயலிழந்திருக்கும். எண்ணை மாற்றினால்தான் மேலே ஒரு அடி வைக்க முடியும். உள்ளே போனதும் கவனிக்க வேண்டியவை: வங்கிக் கடன் இன்னும் ஏறியிருக்கிறதா, நிலுவையில் இ-செலான் இருக்கிறதா, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கிறதா, எரிபொருள் என்ன என்று போட்டிருக்கிறது. கடனை 2016-இலேயே கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷனை (வங்கி அடமானக் குறிப்பை) நீக்கியிருக்க மாட்டார்கள். வங்கியின் தடையில்லாச் சான்றும் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் இல்லாமல் அது போகாது. அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்துபோயிருந்தால் புதிய வங்கியின் கிளைக்குத்தான் நடக்க வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும். 2000-க்கு முன்னால் பதிவான வண்டி என்றால் சில நேரம் பதிவே கணினியில் ஏறியிருக்காது. அப்போது ஆர்.சி. புத்தகத்தோடு பதிவு செய்த அலுவலகத்துக்கே போய் ஏற்றச் சொல்ல வேண்டும்.

இனி புகைக்கு வருவோம்.

சும்மா ஐட்லிங்கில் நிற்கும்போது பெட்ரோல் கார் எவ்வளவு விடலாம் என்பது வண்டி எந்த விதியின்கீழ் தயாரானது என்பதைப் பொறுத்தது. பி.எஸ்-2-க்கு முந்திய கார் என்றால் சி.ஓ. 3 சதவீதம், ஹெச்.சி. 1500 பி.பி.எம். வரை. பி.எஸ்-2, பி.எஸ்-3 என்றால் 0.5 சதவீதமும் 750 பி.பி.எம்.மும். பி.எஸ்-4 என்றால் 0.3 சதவீதம், 200 பி.பி.எம்., கூடவே 2500 ஆர்.பி.எம். சுற்றில் ஒரு தனிச் சோதனை, அதில் சி.ஓ. 0.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, லாம்டா (காற்று, பெட்ரோல் கலவையின் அளவு) 0.97-க்கும் 1.03-க்கும் நடுவே நிற்க வேண்டும். இதனால்தான் 1998-இன் கார்புரேட்டர் கார் சுலபமாகத் தேறிவிடுகிறது, 2011-இன் எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் தெளிக்கும்) கார் மாட்டிக்கொள்கிறது. பழசு என்பதால் ஃபெயில் ஆவதில்லை, எல்லை இறுகியதால் ஃபெயில் ஆகிறது.

இதில் ஒரு சிக்கல். சென்னை போன்ற பெருநகரங்களில் 2010 ஏப்ரலிலேயே பி.எஸ்-4 வந்துவிட்டது. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். ஆகவே ஒரே மாடல், ஒரே வருடம், சென்னையில் பதிவானது பி.எஸ்-4, மதுரையில் பதிவானது பி.எஸ்-3 என்று இருக்கலாம். கம்பெனிக்காரர்கள் சில மாடல்களை எல்லா ஊருக்கும் பி.எஸ்-4 ஆகவே அனுப்பியதும் உண்டு. புகை டெஸ்ட் மையத்தில் கணினியில் எந்த விதி விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறாக விழுந்தால், 0.4 சதவீதம் விடுகிற நல்ல பி.எஸ்-3 வண்டியைக்கூட ஃபெயில் என்று காட்டும். சான்றின் ஆயுளும் இதைப் பொறுத்ததே: பி.எஸ்-3 வரை ஆறு மாதம், பி.எஸ்-4 முதல் ஒரு வருடம்.

உங்கள் எண்களைப் படிப்போம். ஹெச்.சி. என்பது எரியாமல் வெளியேறும் பெட்ரோல். பிளக் சரியாகப் பற்றவைக்காவிட்டால், வால்வு சரியாக அமராவிட்டால், ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் அது ஆயிரக்கணக்கில் ஏறும். உங்களுக்கு 310 தான். அப்படியென்றால் பிளக், காயில், கம்ப்ரஷன் எல்லாம் ஓரளவு ஒழுங்காகவே இருக்கின்றன. சி.ஓ. என்பது காற்று போதாமல் பாதி எரிந்த பெட்ரோல். அது 1.42 என்றால் எஞ்சின் ரிச்சாக ஓடுகிறது. உள்ளே போகும் காற்றுக்கு வேண்டியதைவிடப் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது.

இப்போது கன்வர்ட்டர் விஷயம். நல்ல எஞ்சின் கன்வர்ட்டருக்கு முன்னாலேயே ஏறத்தாழ 0.5 முதல் 1 சதவீதம் சி.ஓ. விடும். கன்வர்ட்டர் அதை எரித்து 0.1, 0.2 என்று இறக்கும். ஆகவே வண்டி 0.6, 0.8 என்று ஃபெயில் ஆகி, மற்றதெல்லாம் சரியாக இருந்தால் கன்வர்ட்டர்மேல் சந்தேகப்படலாம். 1.4 என்றால் கோளாறு எஞ்சின் பக்கம். கன்வர்ட்டர் சி.ஓ.வை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், ரிச்சாக ஓடும் எஞ்சினின் புகையில் அது மிச்சமிருக்காது. புதுக் கன்வர்ட்டர் போட்டாலும் எண் கொஞ்சம் இறங்கும், தேறாது. போதாக்குறைக்கு, கூடுதல் பெட்ரோல் அந்தப் புதுக் கன்வர்ட்டரையும் சூடேற்றிச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

நான்கு வாயு அனலைசர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் ஒரு முறை ரீடிங் எடுத்தால் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எண்களும் கிடைக்கும். ஆக்சிஜன் 1 சதவீதத்துக்குக் கீழே, கார்பன் டை ஆக்சைடு 13, 14 என்று இருந்தால் சி.ஓ. எண்ணை நம்பலாம். ஆக்சிஜன் 3, 4 என்று இருந்தால் சைலன்சரில் எங்கோ ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே கலக்கிறது, உண்மையான சி.ஓ. இன்னும் அதிகம் என்று அர்த்தம். அனலைசரின் குழலைச் சைலன்சருக்குள் ஓர் அடியாவது செருகியிருக்க வேண்டும். நுனியில் வைத்து எடுத்த எண் எதற்கும் உதவாது.

ரிச்சாக ஓடக் காரணங்கள் பல. நம் ஊரில் அதிகம் கிடைக்கும் காரணத்திலிருந்து தொடங்குகிறேன்: தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடானபின் மட்டுமே கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. வண்டி என்றைக்கோ ஒரு நாள் சூடேறியிருக்கும், "இந்த ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்" என்று அந்த வால்வைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அன்றிலிருந்து எஞ்சின் 82, 88 டிகிரிக்கு ஏறாமல் 60-இலேயே கிடக்கும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இ.சி.யூ. (எஞ்சினின் கணினி) பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள், ஃபேன் பக்கம் விரல் போகாமல். தெர்மோஸ்டாட் இருந்தால் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். முதல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே வெதுவெதுவென்று மெல்ல ஏறிக்கொண்டே போனால் வால்வு உள்ளே இல்லை, அல்லது திறந்த நிலையில் இறுகிவிட்டது. நெடுஞ்சாலையில் போகும்போது டெம்ப்ரேச்சர் முள் கீழே இறங்குவதும் இதன் அடையாளம். புது வால்வும் கேஸ்கெட்டும் போட்டு, கூலன்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி ரீடிங் எடுங்கள். வண்டி முன்பு சூடேறிய காரணம் அடைத்த ரேடியேட்டரோ ஃபேன் சுவிட்சோ என்றால் அது இப்போது மீண்டும் தலைகாட்டும். அதையும் சரிசெய்யத்தான் வேண்டும், வால்வை மறுபடி கழற்றாதீர்கள்.

அதே இடத்தில் கூலன்ட் டெம்ப்ரேச்சர் சென்சாரையும் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அதன் ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரியில் இரண்டு, இரண்டரை கிலோ ஓம். 80 டிகிரியில் 300 ஓம் சுற்றுவட்டாரம். சூடான எஞ்சினில் மல்ட்டிமீட்டர் வைத்து ஆயிரத்துக்குமேல் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. கனெக்டரில் பச்சைப் பூஞ்சைபோல் துரு பிடித்திருந்தாலும் இதே விளைவுதான், துடைத்தாலே சரியாகிவிடும்.

பிறகு ஆக்சிஜன் சென்சார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்கும், புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து இ.சி.யூ.வுக்குச் சொல்வது இதுதான். சூடான எஞ்சினை 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்துக்கொண்டு ஸ்கேனரில் பார்த்தால் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும், 10 விநாடியில் ஐந்தாறு தடவையாவது. ஒரே இடத்தில் 0.1, 0.2 என்று படுத்துக்கிடந்தால் இ.சி.யூ. காற்று கூடிவிட்டது என்று எண்ணிப் பெட்ரோலைக் கொட்டும். ஆனால் சென்சாரை உடனே குற்றம் சொல்லாதீர்கள். சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஊதினாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து இதே 0.1-ஐத்தான் காட்டும். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புக் கரிக்கோடு இருக்கிறதா, குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் டிக் டிக் என்று சத்தம் வந்து சூடானதும் அடங்குகிறதா என்று பாருங்கள். இந்த ஊதலைக் கவனிக்காமல் சென்சாரை மாற்றி, மறுபடி ஃபெயில் ஆகித் திரும்புவது அடிக்கடி நடக்கிறது. சென்சார்தான் என்று உறுதியானால், எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது 22 எண் ஸ்பேனரால் கழற்றுங்கள். குளிர்ந்து இறுகியதைத் திருகினால் மரை போய்விடும். பக்கத்தில் சிலிக்கான் பேஸ்ட் எதுவும் தடவக்கூடாது, அதன் ஆவி புதுச் சென்சாரைக் கொன்றுவிடும்.

மற்றவை சின்னச் சின்னவை, ஆனால் எண்ணை ஏற்றப் போதுமானவை. அடைத்த ஏர் ஃபில்டர். மேப் சென்சாருக்கு (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) போகும் மெல்லிய ரப்பர் ஹோஸில் விரிசல், இதனால் எஞ்சின்மேல் பளு கூடிவிட்டது என்று இ.சி.யூ. ஏமாறும். பெட்ரோல் டேங்க் ஆவியை இழுக்கும் கேனிஸ்டர் வால்வு திறந்தபடி நின்றுவிடுவது. இந்த வால்வின் ஹோஸை இடுக்கியால் மெதுவாக அழுத்திப் பிடித்ததும் சி.ஓ. இறங்கினால், கோளாறு அங்கேதான் என்று தெரிந்துவிடும். ஒழுகும் இன்ஜெக்டர் என்றால் ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் சிரமப்பட்டு ஸ்டார்ட் ஆகி ஒரு முறை கறுப்பாகப் புகை விடும், நான்கு பிளக்குகளில் ஒன்று மட்டும் கரியாக இருக்கும்.

பழைய எஞ்சின் ஆயிலும் சி.ஓ.வை ஏற்றும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் ஆயிலில் பெட்ரோல் கலந்துவிடும். சூடாகும்போது அது ஆவியாகி பி.சி.வி. வால்வு (எஞ்சினின் அடிப்பாக ஆவியைத் திருப்பி இழுக்கும் வால்வு) வழியாக மறுபடி எஞ்சினுக்குள் போகும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை அடித்தால் டெஸ்ட்டுக்கு முன் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். எப்படியும் செய்ய வேண்டிய வேலைதானே.

எண்கள் வேறு மாதிரி இருந்தால் தேடும் இடமும் மாறும். சி.ஓ. 0.2, ஹெச்.சி. 1400 என்றால் பெட்ரோல் அளவு சரி, எரியவில்லை. பிளக் கேப் கையேட்டில் உள்ளபடி இருக்கிறதா, பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மி.மீ., காயில், பிளக் வயர், வால்வு இடைவெளி, இன்டேக் மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு என்று போக வேண்டும். அதோடு நீலப் புகையும் வந்தால் ஆயில் எரிகிறது. காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலமாக வந்து நின்றால் வால்வு சீல், ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். சி.ஓ., ஹெச்.சி. இரண்டுமே எகிறினால் முதலில் மிஸ்ஃபயரை நிறுத்துங்கள், கன்வர்ட்டரைப் பிறகு பார்க்கலாம்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வரி. சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங்கை 850, 900-க்கு வைத்து, மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி அனலைசரில் சி.ஓ.வை 1.5 முதல் 2 சதவீதத்தில் நிறுத்துங்கள். 0.5-க்கு இறக்கினால் இன்னும் நல்லது என்று முயலாதீர்கள், கலவை மெலிந்து மிஸ்ஃபயர் ஆகி ஹெச்.சி. 1500-ஐத் தாண்டிவிடும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் இ-20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் எத்தனால் கொண்டுவரும் ஆக்சிஜன் காரணமாகக் கலவை தானாகவே மெலிகிறது. பத்து வருடத்துக்கு முன் செட் செய்த கார்புரேட்டர் இன்றைக்கு ஐட்லிங்கில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் இளக்கிவிடும், அவற்றை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, புகையைவிட முக்கியம்.

டீசலுக்குச் சோதனையே வேறு. ஆயில் 60 டிகிரிக்கு மேல் சூடான பிறகு ஆக்சிலேட்டரைத் திடீரென்று முழுக்க மிதித்து, புகை எவ்வளவு கறுப்பு என்று அளப்பார்கள். பி.எஸ்-4-க்கு முந்திய வண்டிக்கு மீட்டருக்கு 2.45, அதாவது 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. பி.எஸ்-4-க்கு 1.62, அதாவது 50. சில தடவை உச்சச் சுற்றுக்குப் போவதால் டைமிங் பெல்ட் பழசாக இருந்தால் அங்கேயே அறுந்து எஞ்சின் நாசமாகும். பெல்ட் மாற்றிய கிலோமீட்டர் தெரியாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள். கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸில் கிழிசல், திறந்தபடி இறுகிய இ.ஜி.ஆர். (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு), இன்ஜெக்டர் நாசில் என்ற வரிசையில் பாருங்கள். நகருக்குள்ளேயே ஊர்ந்த வண்டியை டெஸ்ட்டுக்கு முன் நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் 20 நிமிடம் ஓட்டினால் சைலன்சரில் படிந்த கரியில் நிறையப் போய்விடும்.

டெஸ்ட் நாளில் பெட்ரோல் வண்டிக்கும் இதே ஓட்டம் தேவை, காரணம் வேறு. கன்வர்ட்டர் 250, 300 டிகிரிக்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கும். வீட்டிலிருந்து தெருமுனை மையத்துக்கு ஐந்து நிமிடத்தில் போய் நின்றால் நல்ல வண்டிகூட ஃபெயில் ஆகும். 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு நேராக உள்ளே விடுங்கள். வரிசை நீளமாக இருந்து ஐட்லிங்கிலேயே நின்றால் கன்வர்ட்டர் ஆறிவிடும். உங்கள் முறை வரும்போது இரண்டு நிமிடம் 2500 சுற்றில் பிடித்துவிட்டுக் காலை எடுங்கள். ஏ.சி., ஹெட்லைட் அணைந்திருக்கட்டும். பெட்ரோலில் தின்னர் கலப்பது, ஏதாவது பாட்டில் மருந்து ஊற்றுவது எல்லாம் வேண்டாம், தின்னர் ரப்பரையும் பம்பையும் அரிக்கும். வண்டியைக் காட்டாமலே சான்று தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு புகை விதி மீறலுக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். அதைவிட, இந்த சி.ஓ. குழந்தைகள் உட்காரும் பின்சீட்டுக்குள் கசிந்தால் வாசனைகூடத் தெரியாது.

புகைச் சான்று கைக்கு வந்தபின் எஃப்.சி. காட்டுவது. சொந்தக் காருக்கு அது உண்மையில் ஆர்.சி. புதுப்பிப்பு ஆய்வு, ஆனால் எல்லோரும் எஃப்.சி. என்றுதான் சொல்கிறோம். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முதலில் பார்ப்பது சேசிஸ் எண். பானெட்டுக்குள் ஃபயர்வாலிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும், 15 வருட மண்ணும் பெயின்டும் அதன்மேல் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஊறவைத்துத் துடைத்து, பித்தளைக் கம்பி பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டர், உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள், எழுத்தின் ஆழம் போய்விட்டால் வண்டியின் அடையாளமே போனது மாதிரி. பிறகு செல்லோடேப்பை ஒட்டி, அதன்மேல் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் பிரிண்ட் விழும். ஓர் எழுத்து அரைகுறையாக விழுந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், ஆகவே இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். துரு எழுத்தையே தின்றிருந்தால் நீங்களாகப் பஞ்ச் அடிக்கக்கூடாது. அது குற்றம். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியே செய்ய வேண்டும்.

எஞ்சின் எண்ணும் பொருந்த வேண்டும். எப்போதாவது ஹாஃப் எஞ்சின் மாற்றி அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் இப்போது தெரியவரும். பில்லோடு போய் முதலில் அதைப் பதிவுசெய்யுங்கள். நிறம் மாற்றியது, கேஸ் கிட் போட்டது எல்லாமே இப்படித்தான். கேஸ் சிலிண்டர் கழற்றி வீட்டில் கிடக்கிறது, ஆர்.சி.யில் பெட்ரோலும் கேஸும் என்று இருக்கிறது என்றால் அதுவும் பொருந்தாத கணக்குதான்.

மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. ஹேண்ட் பிரேக் சரிவில் பிடிக்க வேண்டும். பிரேக் லைட், இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் விளக்கு என்று எல்லா பல்பும் எரிய வேண்டும். இந்தக் கடைசி விளக்கைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். டயர் பட்டன் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது, டயரிலேயே வார்த்திருக்கும் தேய்மானக் குறியோடு ஒட்டிவிட்டால் மாற்ற வேண்டியதே. நம்பர் பிளேட்டில் சாமி பெயர், கட்சிக் கொடி, வளைந்த எழுத்து எதுவும் இல்லாமல், எழுத்து உயரம் 65 மி.மீ., தடிமன் 10 மி.மீ. என்று விதிப்படி இருக்கட்டும். ஏர் ஹார்ன், பம்பருக்கு முன் போட்ட இரும்பு கார்டு, கறுப்பு ஃபிலிம் இவற்றை எடுத்துவிட்டே போங்கள். டிங்கரிங் செய்யும்போது பட்டி பூசி மறைத்த துருவை வெளியே மறைக்கலாம், அடியில் மறைக்க முடியாது. சஸ்பென்ஷன் பொருத்தியிருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால், அந்த வண்டியைப் புதுப்பிக்கச் செலவு செய்யாதீர்கள். பதிவுபெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து டெபாசிட் சான்றிதழ் வாங்கினால் புது வண்டியின் பதிவுக் கட்டணமாவது மிச்சம்.

கட்டணம்: 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் கடந்த காருக்குப் புதுப்பிப்பு 5,000 ரூபாய், பைக்குக்கு 1,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 வருடம் கடந்தால் காருக்கு 10,000, பைக்குக்கு 2,000. தேதி தாண்டினால் மாதத்துக்குக் காருக்கு 500, பைக்குக்கு 300 கூடிக்கொண்டே போகும். பசுமை வரி தனி. அதைக் கட்டிய ரசீது இல்லாமல் கோப்பு நகராது. இவை அவ்வப்போது மாறுபவை, கட்டும் நாளில் பரிவாகன் தளம் காட்டும் தொகையே கணக்கு. இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு: ஆர்.சி. முடிந்த வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்க வழி கிடைத்துவிடும்.

ஆய்வுக்குப் போகும்போது படிவம் 25, ஒரிஜினல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, பென்சில் பிரிண்ட், ஆதார், கட்டிய ரசீதுகள் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றம் முடிந்ததும் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். ஆர்.சி. ஒரு பெயர், இன்சூரன்ஸ் ஒரு பெயர் என்றால் அன்றைய நாள் வீண். ஏதாவது குறை சொல்லி அனுப்பினால் என்ன குறை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மறுமுறை அதை மட்டும் சரிசெய்து காட்டலாம்.

உங்கள் வண்டிக்கு வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வாரம் வாரிசுச் சான்றிதழுக்கு மனு, செல் எண் மாற்றம், நாளைக் காலை அந்த ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்ப்பது. தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் ஆக்சிஜன் சென்சார் வோல்டேஜ், கேஸ்கெட் ஊதல். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ரீடிங் எடுத்துத் தாளில் குறித்து வையுங்கள், எது எவ்வளவு இறக்கியது என்று தெரியும். சி.ஓ. 0.8 வரை இறங்கி, அதற்குக் கீழே எதற்கும் அசையவில்லை என்றால் அன்றைக்குக் கன்வர்ட்டரைப் பற்றிப் பேசலாம். அப்போதும் வாங்குவதற்கு முன், சூடான வண்டியில் கன்வர்ட்டரின் முன்பக்கக் குழாயையும் பின்பக்கக் குழாயையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்து பாருங்கள். வேலை செய்யும் கன்வர்ட்டரில் பின்பக்கம் கூடுதலாகச் சுடும். இரண்டும் ஒன்றுபோல இருந்தாலோ பின்பக்கம் குறைவாக இருந்தாலோ மெக்கானிக் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள்.